நான்கு நட்சத்திரத்துக்குக் கீழே

அமெரிக்காவில் ஃபேஷன் நோவா என்றொரு ஆடை நிறுவனம் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் தொடங்கி இன்ஸ்டாகிராம் வழியாகப் பெரிதானது. தன் இணையக் கடையில் வாடிக்கையாளர் கருத்துகளை வாங்கிப் போட, வேறொரு நிறுவனத்தின் மென்பொருளைப் பொருத்தியிருந்தது. அதில் ஒரு வசதி உண்டு. இத்தனை நட்சத்திரமும் அதற்கு மேலும் வந்தால் கருத்து தானாக வெளியாகும். கீழே வந்தால் ஒரு வரிசையில் நிற்கும், கடைக்காரர் பார்த்து அனுமதித்தால்தான் வெளியே வரும். அந்த எல்லைக்கோடு நான்கில் வைக்கப்பட்டது. நான்கும் ஐந்தும் உடனுக்குடன் பக்கத்தில் ஏறின. மூன்றும் இரண்டும் ஒன்றும் வரிசையிலேயே நின்றன. 2015 இறுதியிலிருந்து 2019 நவம்பர் வரை இப்படிக் கிடந்தவை லட்சக்கணக்கில் என்பது எஃப்.டி.சி. எனப்படும் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தின் குற்றச்சாட்டு. நிறுவனம் அதை மறுத்தது. ஆனாலும் 42 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தது. இது வெளியானது 2022 ஜனவரியில்.

இந்த வழக்கில் பொய் எழுதியவர் யாரும் கிடையாது. கூலிக்கு ஆள் வைத்துப் புகழ எழுதவில்லை; போலிக் கணக்கு இல்லை. பக்கத்தில் ஏறிய ஒவ்வொரு வரியும் உண்மையான வாடிக்கையாளர் எழுதியது. அமைப்புப் பக்கத்தில் தேர்ந்தெடுத்த ஓர் எண்ணும் யாரும் திறந்து பார்க்காத ஒரு வரிசையும் சேர்ந்து, உண்மைகளை மட்டும் அடுக்கியே ஒரு பொய்யைக் கட்டிவிட்டன. அதே நாளில் ஆணையம் இன்னொன்றும் செய்தது: கருத்துகளைத் திரட்டி நிர்வகித்துத் தரும் சேவை நிறுவனங்கள் பத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. கடைக்காரரோடு, அவருக்குக் கருவி விற்றவரையும் சேர்த்தே பார்க்கத் தொடங்கிவிட்டார்கள் என்பது அதன் பொருள்.

வாடிக்கையாளர் சான்றுரைகளைச் சேகரித்து வெளியிடும் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்த வழக்குதான் நினைவுக்கு வரும். செஞ்ஜா, டெஸ்டிமோனியல்.டூ, வோக்கல் வீடியோ, டைப்ஃபார்மின் வீடியோஆஸ்க் என்று இந்தத் துறையில் இன்று நிறையப் பெயர்கள். அவற்றை ஒப்பிடுபவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். வீடியோ எடுக்கலாமா, எத்தனை டிசைன், மாதம் எவ்வளவு, தளத்தில் ஒட்டுவது சுலபமா. எல்லாம் நியாயமான கேள்விகளே. ஆனால் திருப்தியில்லாத வாடிக்கையாளர் இந்தக் கருவிக்குள் நுழைந்தால் அவருக்கு என்ன ஆகிறது என்பதை ஒப்பீட்டு அட்டவணைகளில் காண்பது அரிது. என் கணக்கில் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

குறையைச் சொல்வதற்கு முன், இந்தக் கருவிகள் உண்மையிலேயே தீர்த்துவைக்கும் சிக்கலைச் சொல்லிவிட வேண்டும். சிறுதொழில் செய்பவருக்குப் பொருளை விற்பதைவிடக் கூச்சமான வேலை ஒன்று உண்டு: வாங்கியவரிடம் போய் ‘ரெண்டு வார்த்தை எழுதிக் குடுங்களேன்’ என்று கேட்பது. அவரும் ‘கண்டிப்பா எழுதித் தர்றேங்க’ என்பார். மறந்துவிடுவார். மறுபடி கேட்டால் நச்சரிப்பதுபோல ஆகிவிடும். அப்படியே எழுதித் தந்தாலும் ‘நல்ல சர்வீஸ், மிக்க நன்றி’ என்ற அளவில் நின்றுவிடும். அந்த வரியால் யாருக்கும் பயனில்லை. எழுதியவரிடம் சொல்ல விஷயம் இல்லாமல் இல்லை. வெற்றுத்தாளை நீட்டினால் எதிலிருந்து தொடங்குவதென்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மென்பொருள் இங்கே செய்வது எளிய காரியம். வெற்றுத்தாளுக்குப் பதிலாகக் கேள்விகளை வைக்கிறது. கேள்வி சரியாக இருந்தால் பதிலின் தரமே மாறிவிடுகிறது. கோயம்புத்தூரில் வெட் கிரைண்டர் செய்து விற்பவர் ஒருவரை வைத்துக்கொள்வோம். ‘எங்கள் கிரைண்டரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?’ என்று கேட்டால் ‘சூப்பர்’ என்ற பதில்தான் வரும். ‘வாங்குவதற்கு முன்னால் எது உங்களைத் தயங்க வைத்தது?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘அடுக்குமாடிக் குடியிருப்பு; காலை ஐந்து மணிக்குப் போட்டால் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவாரோ என்று பயந்தேன்’ என்பார் ஒருவர். ‘கல்லைத் தூக்கிக் கழுவ முடியுமா என்று யோசித்தேன், எனக்கு முழங்கை வலி’ என்பார் இன்னொருவர். இதே தயக்கத்தோடு கடை வாசலில் நிற்கும் அடுத்தவருக்கு இந்த இரண்டு வரியும் எந்த விளம்பரத்தையும்விடப் பெரிய உதவி. அடுத்து ‘மூன்று மாதம் கழித்து எப்படி இருக்கிறது?’, அதற்கும் அடுத்து ‘எது பிடிக்கவில்லை?’ என்று கேட்கலாம். கடைசிக் கேள்வியைக் கேட்கத் துணிகிற கடைக்காரருக்குக் கிடைக்கும் பதில்களைத்தான் படிப்பவர்கள் நம்புவார்கள். நல்ல கருவி இந்தக் கேள்விகளைத் தமிழில் மாற்றியெழுதவும் வரிசையை மாற்றவும் இடம் தரும். பொருள் கைக்கு வந்து இத்தனை நாள் கழித்துத் தானாகக் கேட்கவும் தெரிந்திருக்கும். மோசமான கருவி ஒற்றைப் பெட்டியும் ஐந்து நட்சத்திரமும் வைத்துவிட்டு மிச்சத்தை அலங்காரத்தில் செலவழித்திருக்கும்.

சிறுதொழில் செய்பவர்களுக்கு இது ஏன் முக்கியம் என்பதற்குப் பழைய ஆய்வு ஒன்றைச் சொல்லலாம். ஹார்வர்டு வணிகப் பள்ளியின் மைக்கேல் லூகா, சியாட்டில் நகர உணவகங்களின் வருவாயையும் யெல்ப் தளத்தில் அவை பெற்ற மதிப்பீட்டையும் சேர்த்துவைத்துப் பார்த்து 2011-இல் எழுதினார். ஒரு நட்சத்திரம் கூடினால் வருவாய் 5 முதல் 9 சதவீதம் வரை கூடுகிறது என்பது அவர் கண்டது. அந்த விளைவு தனி உணவகங்களில்தான் தெரிந்தது; பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் பெரிய பெயர்களுக்கு அது பொருட்டாகவே இல்லை. பெயர் தெரிந்த கடைக்குப் பெயரே சான்று. பெயர் தெரியாத கடைக்கு இன்னொரு வாடிக்கையாளரின் வாய்ச்சொல் வேண்டியிருக்கிறது.

அந்த வாய்ச்சொல் யாருடையது, அவருக்கும் கடைக்கும் என்ன உறவு என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல. ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் பாடத் தகுந்தவர்கள் யார் என்று நன்னூல் நான்கு பேரை வரையறுக்கிறது: நூலாசிரியரின் ஆசிரியர், அவரோடு கூடப் படித்தவர், அவருடைய மாணாக்கர், தகுதியுள்ள உரைகாரர். எவ்வளவு திறமையாக நூல் செய்திருந்தாலும் தன்னைத்தானே புகழ்ந்துகொள்வது தகாது என்றும் சொல்கிறது. அதனால்தான் புகழ்வதற்கு வேறொருவர் வேண்டியிருந்தார். இன்றைய சட்டக் கண்ணால் பார்த்தால் அந்த நால்வருமே பெரும்பாலும் உள்வட்டத்து ஆட்கள். ஆனால் உறவு மறைக்கப்படவில்லை. பழைய அச்சுநூல்களின் சாற்றுக்கவிகளில் தலைப்பிலேயே இன்னாருடைய மாணாக்கர் இன்னார் இயற்றியது என்று இருக்கும். படிப்பவர் அதற்கேற்பக் கழித்துக்கொண்டு படிப்பார். இன்றைய சான்றுரைச் சுவரில் இருப்பது ஒரு முகம், ஒரு பெயர், கீழே பச்சை டிக். கடைக்காரரின் மைத்துனரும் அதில் இருக்கலாம், பொருளை இலவசமாக வாங்கிக்கொண்டவரும் இருக்கலாம். அவர்களையும் காசு கொடுத்து வாங்கியவரையும் அந்த டிக் ஒன்றாகவே காட்டும். பெரும்பாலும் அதற்கு அர்த்தம், மின்னஞ்சல் முகவரி செல்லுபடியானது என்பது மட்டுமே.

2024 அக்டோபரில் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த எஃப்.டி.சி.யின் புதிய விதி இதைத் தொடுகிறது. போலிச் சான்றுரை, இன்ன விதமாக எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுக்கும் பரிசு, உறவைச் சொல்லாமல் உள்ளாள் எழுதுவது, குறைந்த மதிப்பீடுகளை அமுக்கிவிட்டு எல்லாம் இங்கே இருக்கிறது என்று காட்டுவது ஆகிய அனைத்தும் தடை. தெரிந்தே மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும் 50,000 டாலருக்கு மேல் அபராதம் போடலாம். இந்தியாவில் 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 19000 என்ற தரத்தை வெளியிட்டது. இணையத்தில் நுகர்வோர் கருத்துகளை எப்படித் திரட்டலாம், எப்படிச் சீர்பார்க்கலாம், எப்படி வெளியிடலாம் என்பதுதான் அதன் பொருள். எழுதியவர் உண்மையான ஆள்தானா என்பதை மின்னஞ்சல், தொலைபேசி, குறுஞ்செய்தி போன்ற வழிகளில் உறுதிசெய்யச் சொல்கிறது. விரும்புபவர் பின்பற்றலாம் என்ற அளவில் வந்ததால் அதற்குப் பல் இல்லை. பல் இருப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-க்கு. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் தடவை 10 லட்சம் ரூபாய் வரையும் அடுத்தடுத்து 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பரிந்துரைப்பவரின் உண்மையான கருத்தாக இருக்க வேண்டும், விற்பவரோடு தொடர்பு இருந்தால் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2022 ஜூனில் வந்த வழிகாட்டு நெறிகள் கேட்கின்றன. தன் தளத்தில் ஒட்டிய சான்றுரையும் விளம்பரம்தான் என்பது பல கடைக்காரர்களுக்கு இன்னும் உறைக்கவில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டை நிதானமாகப் பார்க்க வேண்டும். வந்த கடிதங்களில் நல்லதாக ஆறைப் பொறுக்கிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவது பாவமில்லை. பார்ப்பவருக்கும் தெரியும், கடைக்காரர் தனக்குப் பிடித்ததைத்தான் மாட்டியிருப்பார் என்று. வில்லங்கம் தொடங்குவது அந்த ஆறு கடிதத்துக்கு மேலே ‘4.9 / 5’ என்று ஒரு பலகையைத் தொங்கவிடும்போதுதான். சராசரி என்றால் எல்லாரையும் கூட்டி வகுத்தது என்றே யாரும் எடுத்துக்கொள்வார்கள். பொறுக்கியெடுத்தவற்றின் சராசரியை எல்லாருடைய சராசரிபோலக் காட்டும் கருவி, கடைக்காரர் கேட்காமலேயே அவரைப் பொய்சொல்ல வைக்கிறது. சான்றுரையும் மதிப்பீடும் வேறு வேறு சாதனங்கள். ஒன்று வக்கீலின் வாதம், மற்றொன்று சாட்சிகளின் பதிவேடு. இரண்டையும் ஒரே அட்டையில் கலந்து தருவது இந்தத் துறையின் பழக்கமாகவே ஆகிவிட்டது. நான் தேர்வு செய்வதானால், வந்தவை எத்தனை, வெளியிட்டவை எத்தனை என்று இரண்டு எண்ணையும் காட்ட வழியுள்ளதை எடுப்பேன். அது முடியாவிட்டால், சராசரியை முழுவதுமாக அணைத்துவைக்க முடிகிற கருவியை எடுப்பேன்.

வரிசையில் நிறுத்துவதைவிட நாசூக்கான இன்னொரு வழியும் உண்டு: கேட்கும் இடத்திலேயே வடிகட்டுவது. முதலில் நட்சத்திரம் மட்டும் கேட்பார்கள். நான்கோ ஐந்தோ தொட்டால் ‘மிக்க மகிழ்ச்சி, இதையே கூகுளிலும் எழுதுங்களேன்’ என்று கதவு திறக்கும். மூன்றைத் தொட்டால் ‘உங்கள் குறையை எங்களிடம் தனியாகச் சொல்லுங்கள்’ என்று பின்வாசலுக்கு வழிகாட்டும். வாடிக்கையாளருக்கு இது அக்கறைபோலத் தெரியும். சில சமயம் உண்மையிலேயே அக்கறையாகவும் இருக்கும். ஆனால் விளைவு ஃபேஷன் நோவாவின் வரிசை தந்த அதே விளைவுதான். நல்ல கருத்துகளை மட்டும் தேர்ந்து கேட்கக் கூடாது என்று கூகுள் 2018-லேயே தன் விதியில் எழுதிவிட்டது. பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டு, ஒன்பதும் பத்தும் போட்டவர்களுக்கு மட்டும் சான்றுரைக் கோரிக்கை அனுப்புவதும் இந்த ரகமே. இதைக் குறையாக எண்ணாமல் விற்பனைச் சிறப்பாகவே கொட்டை எழுத்தில் போட்டுக்கொள்ளும் கருவிகள் உண்டு. அந்த வரியைப் பார்த்தால் அங்கேயே திரும்பிவிடலாம்.

இத்தனையும் செய்து கிடைக்கும் மாசற்ற ஐந்து நட்சத்திரம் விற்பனைக்காவது உதவுகிறதா என்றால், அதிலும் சந்தேகம். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஸ்பீகல் ஆய்வு மையம் 2017-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வாங்கும் வாய்ப்பு உச்சத்தைத் தொடுவது 4.0-க்கும் 4.7-க்கும் இடையே. அதைத் தாண்டி ஐந்தை நெருங்கும்போது இறங்குகிறது. குறையே இல்லாத இடத்தில் ஏதோ மறைந்திருக்கிறது என்று வாங்குபவர் மோப்பம் பிடித்துவிடுகிறார். சான்றுரைக் கருவியின் உண்மையான பலம் வேறிடத்தில் இருக்கிறது. ஹூ, பாவ்லோ, ஜாங் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2009-இல் காட்டியதுபோல, தாமாக எழுத வருபவர்கள் மிகவும் மகிழ்ந்தவர்களும் மிகவும் கொதித்தவர்களும்தான். நடுவில் இருக்கும் ‘பரவாயில்லை’க்காரர்கள் வாய் திறப்பதில்லை. பொருள் வாங்கிய எல்லாரிடமும் ஒரே மாதிரி, ஒரே நாளில் கேட்கும் இயந்திரத்தால் அந்த நடுக்கூட்டத்தை ஓரளவு பேசவைக்க முடியும். மனிதர் கேட்டால் முகம் பார்த்துத்தான் கேட்பார். இயந்திரத்துக்கு முகம் தெரியாது. இந்த ஒரு நேர்மையை வடிகட்டி போட்டுக் கெடுத்துக்கொள்வதுதான் வருத்தம்.

அண்மையில் சேர்ந்த ஆபத்து, மெருகேற்றும் பொத்தான். வாடிக்கையாளர் எழுதியதைச் செயற்கை நுண்ணறிவு திருத்தி, சுருக்கி, பளபளப்பாக்கித் தருகிறது. எழுத்துப்பிழை திருத்துவதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. ஆனால் ‘முதல்ல கொஞ்சம் டவுட்டாதான் இருந்துச்சு, அப்புறம் பரவால்ல’ என்றவரின் சொல் ‘தொடக்கம் முதலே மிகுந்த நம்பிக்கையளித்த சேவை’ என்று வெளியே வந்தால் அது அவருடைய சான்று அல்ல. தயக்கம்தான் அந்த வரியின் உயிர். மெருகு முதலில் சாப்பிடுவது அதைத்தான். பத்து ஊர்க்காரர்கள் பத்து விதமாகச் சொன்னதெல்லாம் ஒரே நிறுவன அறிக்கைத் தமிழில் வந்து நிற்கும். மூலத்தை அழிக்காமல் பக்கத்திலேயே வைத்திருப்பது, திருத்தியதை எழுதியவருக்கே அனுப்பிச் சம்மதம் வாங்குவது, இவ்விரண்டும் இல்லாத கருவியில் அந்தப் பொத்தானைத் தொடாமல் இருப்பதே மேல்.

தமிழில் சான்றுரை திரட்டுபவருக்குத் தனித் தொல்லைகள் உண்டு. இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை மின்னஞ்சலில் வாழும் வாடிக்கையாளரை நினைத்துச் செய்தவை. நம் வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் இருக்கிறார். அதிலும் எழுதுவதைவிடக் குரல் பதிவு அனுப்புவதே அவருக்கு வசதி. ‘கேமராவுக்கு அனுமதி கொடுங்கள்’ என்று திரை கேட்டதும் பாதிப்பேர் மூடிவிடுவார்கள். வீடியோவில் வர விரும்பாத பெண்கள் குரலில் தாராளமாகப் பேசுவார்கள். ஆகவே வாட்ஸ்அப் வழியாக இணைப்பை அனுப்ப முடிகிறதா, குரலை மட்டும் ஏற்குமா, மின்னஞ்சல் கட்டாயமில்லாமல் கைப்பேசி எண் போதுமா என்பவை நமக்கு டிசைனைவிட முக்கியம். எழுத்து வெளியீட்டிலும் சிக்கல். சான்றுரையைச் சாய்வெழுத்தில் போடுவது ஆங்கில வழக்கம். பல டிசைன்கள் அதை மாற்றவிடாது. தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலும் தனியாகச் சாய்வுவடிவம் கிடையாது, உலாவியே எழுத்தை இழுத்துச் சாய்க்கும். சுழிகள் கோணிக்கொண்டு நிற்கும். அட்டையில் இத்தனை எழுத்து என்று எண்ணி வெட்டும் கருவிகள் இன்னும் மோசம். கணினிக் கணக்கில் ‘கொ’ என்பது இரண்டு குறியீடு. நடுவில் வெட்டினால் ‘க’ மட்டும் மிஞ்சும், புள்ளி போனால் மெய் உயிர்மெய்யாகிவிடும். வாடிக்கையாளருக்கு எழுத்துப்பிழை என்று படிப்பவர் நினைப்பார். பாவம், அவர் சரியாகத்தான் எழுதியிருப்பார். தானாக எழுத்தாக்கும் வசதியை நம்பி வீடியோ கருவி வாங்குபவர், மதுரைப் பேச்சில் பாதி ஆங்கிலம் கலந்த ஒரு பதிவைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

சம்மதம் பற்றி இன்னும் கொஞ்சம். எழுதும்போதே ‘இதை வெளியிடலாம்’ என்று டிக் வாங்கி, நாளோடு பதிந்து வைப்பது இந்தக் கருவிகளின் பெரிய நன்மை. வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டு புகைப்படம் போட்ட காலத்தோடு ஒப்பிட்டால் நல்ல முன்னேற்றம். ஆனால் ஒற்றை டிக்கில் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறார்கள். கடைத் தளத்தில் பெயரோடு நான்கு வரி போடச் சம்மதித்தவர், தன் முகம் ஃபேஸ்புக் விளம்பரமாக ஊரெல்லாம் சுற்றுவதற்குச் சம்மதித்தாரா? கூகுளிலோ எக்ஸ் தளத்திலோ ஒருவர் தன்போக்கில் எழுதியதை ஒரே சொடுக்கில் இழுத்துவந்து சுவரில் ஒட்டும் வசதியிலோ யாரையும் கேட்பதே இல்லை. 2023-இல் இயற்றப்பட்ட எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் குறிப்பிட்ட நோக்கத்துக்கானதாக இருக்க வேண்டும் என்கிறது. கொடுத்த அளவுக்கு எளிதாகத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும் என்கிறது. வேலை மாறியவர், மணமுறிவு ஆனவர், சும்மா மனம் மாறியவர், யாராயிருந்தாலும் ‘எடுத்துவிடுங்கள்’ என்றால் எடுபட வேண்டும். ஒட்டிய எல்லா இடத்திலிருந்தும் ஒரே தடவையில் எடுபடுகிறதா என்று பார்க்க வேண்டியது கருவியை வாங்குபவரின் பொறுப்பு.

சிலருக்கு இந்தக் கருவியே வேண்டாம். ஆஸ்திரேலியாவில் பதிவு பெற்ற மருத்துவச் சேவைகளின் விளம்பரத்தில் நோயாளி சான்றுரை சட்டப்படி தடை. இந்தியாவில் தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் கொண்டுவந்த நடத்தை விதிகளில், மருத்துவர்கள் சமூக ஊடகத்தில் நோயாளியின் சான்றுரையைக் கேட்கவோ பகிரவோ கூடாது என்ற வரி இருந்தது. அதே மாதத்திலேயே அந்த விதிகள் மொத்தமாக நிறுத்திவைக்கப்பட்டன. வேறு காரணங்களுக்காக எழுந்த எதிர்ப்பில் இதுவும் சேர்ந்து போயிற்று. விதி நின்றாலும் நியாயம் நிற்கவில்லை என்பது என் எண்ணம். குழந்தையின்மைச் சிகிச்சையில் வென்றவர் வீடியோவில் பேசுவார். தோற்றவர் பேச வரமாட்டார். அங்கே யாரும் வடிகட்ட வேண்டியதே இல்லை, துயரமே வடிகட்டிவிடும்.

தொழில்நுட்பத்தில் கவனிக்க வேண்டியவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன். சான்றுரையை ஒட்டினால் கூகுள் தேடலில் உங்கள் கடைப்பெயருக்குக் கீழே மஞ்சள் நட்சத்திரம் வரும் என்று விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு நிறுவனம் தன்னைப் பற்றித் தன் தளத்திலேயே போட்டுக்கொள்ளும் மதிப்பீடுகளுக்கு, வெளிக்கருவி வழியாக ஒட்டியவை உட்பட, நட்சத்திரம் காட்டுவதைக் கூகுள் 2019 செப்டம்பரில் நிறுத்திவிட்டது. தன்னைப் புகழ்தல் தகாது என்ற பழைய விதியைத் தேடுபொறியும் ஏற்றுக்கொண்டதுபோல. இன்னொன்று, உங்கள் சான்றுரைகள் எங்கே வாழ்கின்றன என்பது. பெரும்பாலான கருவிகளில் அவை விற்பனையாளரின் சர்வரில் இருக்கும். உங்கள் பக்கம் ஒவ்வொரு முறையும் அங்கிருந்து எடுத்துக் காட்டும். சந்தா நின்றால் சுவர் வெறுமையாகும். இந்தியக் கார்டில் வெளிநாட்டுச் சந்தா தானாகப் புதுப்பிக்காமல் நின்றுபோவது, 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் தானியங்கிக் கட்டண விதி வந்ததிலிருந்து பலருக்குப் பழகிய தலைவலி. விற்பனையாளரே கடையை மூடவும் கூடும். கூகுளே சிறுகடைகளுக்கு இலவசமாகக் கட்டிக்கொடுத்த தளங்களை 2024 மார்ச்சில் அணைத்துவிட்டது. ஆகவே எழுத்து, வீடியோ, சம்மதப் பதிவு மூன்றையும் மொத்தமாக இறக்கி நம் கணினியில் வைத்துக்கொள்ள முடிகிறதா, அதற்குத் தனிக் காசு கேட்கிறார்களா என்பதை முதல் நாளிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். மாதம் நூறு சான்றுரை வராத கடைக்கு இந்தக் கருவியே தேவையா என்று கேட்டால், ஜோஹோ ஃபார்ம்ஸிலோ கூகுள் ஃபார்மிலோ நான்கு நல்ல கேள்வியும், தளத்தில் கையால் ஒட்டிய ஐந்து பதிலும் போதும் என்பேன். வேகமாகவும் திறக்கும், யாருடைய சந்தாவோடும் சேர்ந்து மறையாது.

காசு கொடுத்து வாங்குவதென்றே முடிவானால், இலவச முன்னோட்டக் காலத்தில் விற்பனையாளரின் மாதிரிப் பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. உங்கள் நண்பர் ஒருவரை அழைத்து, அவருடைய கைப்பேசியிலிருந்து, பேச்சுத் தமிழில், இரண்டு நட்சத்திரத்தோடு நீளமாக ஒரு குறையை எழுதச் சொல்லுங்கள். நட்சத்திரத்தைத் தொட்டதும் வழி பிரிகிறதா என்று அவர் சொல்வார். வந்தது தானாக நிற்கிறதா, நின்றால் உங்களுக்கு நினைவூட்டல் வருகிறதா, சராசரி அசைகிறதா என்று நீங்கள் பாருங்கள். வெளியிட்டுவிட்டு எழுத்து எங்கே வெட்டுப்படுகிறது என்றும் பாருங்கள். அதற்குக் கடைக்காரர் பெயரில் ஒரு பதில் எழுதி, அது குறையின் பக்கத்திலேயே நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு நண்பரே அதைத் திரும்பப் பெறட்டும். ஒரு பிற்பகல் போதும். மாதக் கட்டணத்தை அதற்குப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.